விண்டேஜ் உடை வாங்கப் போகிறீர்களா? முதலில் உள்பக்கத்தைப் புரட்டுங்கள்

விண்டேஜ் உடை வாங்குபவர்களில் பெரும்பாலோர் முன்பக்கத்தைப் பார்த்து மயங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு உள்பக்கத்தைப் பார்த்து நொந்துபோகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதி ஏமாற்றம் குறையும். ஒரு உடையின் வயது, தரம், இன்னும் எத்தனை நாள் உழைக்கும் என்பதெல்லாம் உள்பக்கத் தையலிலும் லேபிளிலும் ஜிப்பிலும்தான் இருக்கிறது. கைப்பைக்கும் நகைக்கும்கூட இதே கதைதான்.

பொதுவாக 20 வருடம் தாண்டியதை விண்டேஜ் என்பார்கள். எட்ஸி மாதிரியான விற்பனைத் தளங்களும் இந்த 20 வருடக் கணக்கைத்தான் வைத்திருக்கின்றன. 100 வருடம் தாண்டினால் ஆன்டிக். பழைய பாணியில் இப்போது தைத்தது ரெட்ரோ. விற்பவர் ‘விண்டேஜ் ஸ்டைல்’ என்றோ ‘விண்டேஜ் லுக்’ என்றோ எழுதியிருந்தால் அது புதுத்துணி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தப்பில்லை, ஆனால் பழசுக்கான விலையை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

படி 1: இஞ்ச் டேப்போடு கிளம்புங்கள்

உடையில் போட்டிருக்கும் சைஸ் எண்ணை மறந்துவிடுங்கள். அமெரிக்காவில் பெண்கள் உடைக்கென்று 1958-ல் ஒரு அளவுத் தரம் வந்தது. 1983-ல் அதையும் விலக்கிக்கொண்டார்கள். இடையில் கம்பெனிகள் வாங்குபவரின் மனம் குளிர எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தன. அதனால் 1950-களின் உடையில் 14 என்று இருந்தால், அது இன்றைய 14-ஐவிடப் பல படி சின்னது. நாட்டுக்கு நாடு எண் மாறுவது தனிக் குழப்பம்.

உங்களிடம் இருப்பதிலேயே நன்றாகப் பொருந்தும் சட்டை, பேன்ட், கவுன், கோட் ஒவ்வொன்றையும் தரையில் விரித்து அளந்து போனில் குறித்து வையுங்கள். தோள்பட்டைத் தையலிலிருந்து மறு தையல் வரை, அக்குளிலிருந்து மறு அக்குள் வரை, இடை, சீட் (பின்புறச் சுற்று), கை நீளம், மொத்த நீளம். இந்த ஆறு அளவு போதும். கடையில் இருக்கும் உடையையும் இதே மாதிரி விரித்து அளந்து ஒப்பிடலாம்.

இன்னொரு விஷயம். இழுபடும் ஸ்பான்டெக்ஸ் நூலை டூபான்ட் கம்பெனியில் கண்டுபிடித்ததே 1958-ல்தான். அது அன்றாட உடைகளுக்குள் பரவ இன்னும் பல வருடம் ஆனது. ஆகவே பழைய நெசவுத் துணி இம்மியும் இழுபடாது. உடம்பின் அளவைவிட மார்பில் இரண்டு மூன்று அங்குலம், இடையில் ஒரு அங்குலம், சீட்டில் குறைந்தது இரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தால்தான் உட்காரவும் மூச்சுவிடவும் முடியும். 1950-களின் கவுன்களை உடம்பை இறுக்கும் உள்ளாடையின் மேல்தான் அணிந்தார்கள். இடை அவ்வளவு சின்னதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பையில் போட்டுக்கொள்ள வேண்டியவை: இஞ்ச் டேப், சின்ன டார்ச், பூதக்கண்ணாடி, ஒரு காந்தம். உடம்போடு ஒட்டிய மெல்லிய உடையில் போனால், போட்டுப் பார்க்க அறை இல்லாத இடத்திலும் அதன் மேலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

படி 2: எங்கே தேடுவது

தேர்ந்தெடுத்து, துவைத்து, காலம் குறித்து விற்கும் விண்டேஜ் கடைகளில் விலை அதிகம், தேடும் வேலை குறைவு. அறக்கட்டளைகள் நடத்தும் செகண்ட்ஹேண்ட் கடை, வாரச் சந்தை, வீட்டைக் காலிசெய்யும்போது நடக்கும் விற்பனை இவற்றிலெல்லாம் விலை குறைவு, தேடும் வேலை உங்களுடையது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு யோசனை: முதலில் நல்ல விண்டேஜ் கடை ஒன்றுக்குப் போய், எதுவும் வாங்காமல், ஒவ்வொரு காலத்து உடையையும் தொட்டுப் பாருங்கள். பழைய ரேயான் எவ்வளவு கனமாகத் தொங்கும், பழைய கம்பளி எப்படி இருக்கும் என்று கைக்குப் பழகிவிட்டால், அப்புறம் குவியலுக்குள் விரலை விட்டாலே நல்ல துணி தட்டுப்படும்.

சந்தையில் சரக்கு வேண்டுமென்றால் விடியும்போது போங்கள், விலை குறைய வேண்டுமென்றால் கடை கட்டும் நேரத்தில் போங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது.

படி 3: முகர்ந்து பாருங்கள், பிறகு புரட்டுங்கள்

கையில் எடுத்ததும் முதல் சோதனை மூக்குக்கு. புகை வாசனையும் பாச்சை உருண்டை வாசனையும் காற்றாடப் போட்டால் நாளடைவில் போகும். பூஞ்சை பிடித்த ஈர வாசனை போவது கடினம், பக்கத்தில் இருக்கும் மற்ற உடைகளுக்கும் அது பரவும். வியர்வை வாசனை துணி ஈரப்படும்போது திரும்ப எழும். பலமான வாசனைத் திரவியம் தெளித்து வைத்திருந்தால், எதை மறைக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அடுத்து உடையை உள்வெளியாகப் புரட்டுங்கள். நேராக அக்குளுக்குப் போங்கள். பழைய உடை முதலில் சாவது அங்கேதான். வியர்வை உப்பும் டியோடரன்ட்டும் சேர்ந்து துணியை மெல்ல அரித்திருக்கும். அந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நிறம் மட்டும் மாறியிருந்தால் தப்பித்தீர்கள். துணி மொறமொறவென்று இருந்தாலோ இழை விலகினாலோ வைத்துவிடுங்கள்.

பிறகு காலர் மடிப்பு, கஃப், பாக்கெட் ஓரம், தொடைகள் உரசும் இடம், முழங்கை. கடைசியாக வெளிச்சத்துக்கு எதிரே உடையைத் தூக்கிப் பிடியுங்கள், அல்லது உள்ளிருந்து டார்ச் அடியுங்கள். பூச்சி அரித்த துளைகள் நட்சத்திரம் மாதிரி தெரியும். கம்பளியில் ஒரு துளை இருந்தால் இன்னும் நாலு இருக்கும் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

படி 4: வயதைக் கண்டுபிடியுங்கள்

எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் ரொம்பப் பிடித்த பகுதி இது. ஒரே ஒரு தடயத்தை மட்டும் நம்பாதீர்கள். லேபிள், ஜிப், தையல், துணி நாலும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று முரண்டு பிடித்தால், அந்த ஒன்று மாற்றப்பட்டிருக்கிறது அல்லது உடை நீங்கள் நினைத்ததைவிடப் புதியது.

லேபிளில் தொடங்குவோம். உலகம் முழுக்கச் சுற்றும் பழைய உடைகளில் பெரும்பங்கு அமெரிக்கச் சந்தைக்காகத் தைத்தவை, அந்நாட்டுச் சட்டங்களே நமக்குக் காலண்டராக உதவுகின்றன. துணியில் என்ன நூல் எத்தனை சதவீதம் என்று லேபிளில் போட வேண்டும் என்ற சட்டம் 1960-ல் நடைமுறைக்கு வந்தது. எப்படித் துவைக்க வேண்டும் என்ற குறிப்பு 1972 ஜூலையிலிருந்து கட்டாயமானது. அங்கே எழுத்துக்குப் பதிலாக வாளி, இஸ்திரிப்பெட்டி போன்ற படக்குறிகளை மட்டும் போடலாம் என்று அனுமதித்தது 1997-ல். ஆக, அமெரிக்க லேபிளில் வெறும் படக்குறிகள் மட்டும் இருந்தால் அது 1960-களின் உடை என்று யார் சொன்னாலும் சிரித்துவிட்டு நகரலாம். ஐரோப்பாவில் படக்குறிகள் முன்பே வந்துவிட்டன என்பதால், எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தொழிற்சங்க லேபிள் கிடைத்தால் அதிர்ஷ்டம். 1900-ல் தொடங்கிய ஐ.எல்.ஜி.டபிள்யூ.யூ. என்ற அமெரிக்கப் பெண்கள் உடைத் தொழிலாளர் சங்கம், தன் உறுப்பினர்கள் தைத்த உடைகளில் சின்னதாக ஒரு முத்திரை லேபிளைத் தைத்தது. பெரும்பாலும் பக்கத் தையலுக்குள் ஒளிந்திருக்கும். அது சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று நிறத்தில் இருந்தால் 1974-க்கும் 1995-க்கும் இடைப்பட்டது. 1995-ல் அந்தச் சங்கம் வேறொன்றோடு இணைந்துவிட்டது.

ஆர்.என். என்ற எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு எண் இருந்தால் அதிலும் ஒரு கணக்குப் போடலாம். அது அமெரிக்க அரசு கம்பெனிக்குக் கொடுத்த பதிவு எண். 13670-க்கு மேற்பட்ட எண் என்றால், அதிலிருந்து 13670-ஐக் கழித்து, 2635-ஆல் வகுத்து, 1959-ஐக் கூட்டுங்கள். உதாரணமாக 66170 என்ற எண்ணுக்குக் கழித்தால் 52500, வகுத்தால் ஏறக்குறைய 20, கூட்டினால் 1979. அந்தக் கம்பெனி ஏறத்தாழ 1979-ல் பதிவானது என்று அர்த்தம். உடை அதற்கு முன்னால் தைத்ததாக இருக்க முடியாது. பின்னால் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம்.

இன்னும் சில சின்னச் சின்னத் தடயங்கள் உண்டு. ‘வெஸ்ட் ஜெர்மனி’ என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்று இருந்தால் போருக்குப் பிந்தைய 1952 வரையிலான சில வருடங்கள். கம்பளி உருண்டையை வரைந்ததுபோல் இருக்கும் வூல்மார்க் சின்னம் 1964-க்கு முன் கிடையாது. பிரிட்டிஷ் உடையில் இரண்டு வெட்டிய வட்டங்களும் 41 என்ற எண்ணும் சேர்ந்த சிசி41 முத்திரை இருந்தால், போர்க்காலச் சிக்கனத் திட்டத்தில், அதாவது 1941-க்கும் 1952-க்கும் இடையில் தைத்தது. லேபிளில் இணையதள முகவரி இருந்தால் அதற்கு மேல் ஆராய வேண்டியதே இல்லை. தையல்காரர் அளவெடுத்துத் தைத்த ஆண்கள் கோட்டில் உள் மார்புப் பாக்கெட்டுக்குள் கையை விட்டுத் துணியை வெளியே இழுத்துப் பாருங்கள். உடைக்காரரின் பெயரும் தைத்த தேதியும் மையால் எழுதிய லேபிள் அங்கே இருக்க வாய்ப்புண்டு. இதைவிட நல்ல சாட்சி வேறெதுவும் இல்லை.

ஜிப்புக்கு வருவோம். உலோகப் பல் வைத்த ஜிப் பெண்கள் உடையில் 1930-களில் பரவியது, பெரும்பாலும் இடது பக்கத் தையலில். முதுகின் நடுவே ஜிப் வைப்பது 1950-களிலும் 60-களிலும் வழக்கமானது. நைலான் சுருள் ஜிப் 1960-களில் வந்து மெல்ல உலோகத்தை ஓரங்கட்டியது. ஜிப் முதலில் பழுதாகிற உறுப்பு என்பதால் பலமுறை மாற்றியிருப்பார்கள். ஜிப் ஓரத்தில் பழைய ஊசித்துளை வரிசை தெரிகிறதா, தைத்த நூலின் நிறம் மற்ற இடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

தையல் ஓரத்தைப் பாருங்கள். பல்வெட்டுக் கத்தரியால் ரம்பம் மாதிரி வெட்டி விட்டிருந்தாலோ, கையால் ஓரம் அடித்திருந்தாலோ பழசாக இருக்கலாம். துணி ஓரம் பிரியாமல் நூலால் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் இயந்திரம் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது என்றாலும், கடை உடைகளின் உள்தையலில் அது எங்கும் பரவியது 1960-70-களுக்குப் பிறகுதான்.

ஒரு உடையை எடுத்து இதைச் செய்து பார்ப்போம். கருப்பு கிரேப் (நுண்சுருக்கம் உள்ள துணி) கவுன், அகன்ற தோள்பட்டை, ஒடுங்கிய இடை, முழங்கால் வரை நீளம். விற்பவர் 1940-கள் என்கிறார். வெளியே பார்த்தால் நானும் தலையாட்டுவேன். 1980-களில் 1940-களின் தோள்பட்டை அப்படியே திரும்பி வந்தது என்பதுதான் இங்கே சிக்கல். புரட்டுகிறோம். தோளுக்குள் இருக்கும் பட்டை ஃபோம், வெல்க்ரோவால் ஒட்டியிருக்கிறது. வெல்க்ரோவுக்கு ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் காப்புரிமை பெற்றதே 1955-ல். முதுகில் நைலான் ஜிப். ஓரமெல்லாம் ஓவர்லாக். பக்கத் தையலில் பாலியஸ்டர் என்றும் எப்படித் துவைக்க வேண்டும் என்றும் எழுதிய லேபிள். நாலு சாட்சியும் 1980-கள் என்கின்றன. உண்மையான 1940-களின் கவுனாக இருந்தால் பட்டைக்குள் பஞ்சோ கம்பளியோ, பக்கவாட்டில் உலோக ஜிப் அல்லது ஹூக், ரேயான் துணி, துவைக்கும் குறிப்பே இல்லாத லேபிள் என்று இருந்திருக்கும். கவுன் அழகாகவும் பொருத்தமாகவும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள், 1980-களின் விலைக்கு.

ஜீன்ஸுக்கும் டி-ஷர்ட்டுக்கும் தனி ரகசியங்கள். லெவிஸ் ஜீன்ஸின் பின்பாக்கெட்டில் 1936-ல் சேர்ந்த சிவப்புப் பட்டையில், பெயரின் இரண்டாவது எழுத்தான ‘E’ 1971 வரை பெரிய வடிவில் இருந்தது, பிறகு சின்ன வடிவத்துக்கு மாறியது. சேகரிப்பவர்கள் இதற்காகவே நிறையக் கொடுப்பார்கள். அதே கம்பெனி பழைய மாடல்களை மறுபதிப்பாக விற்கும்போதும் பெரிய எழுத்தையே போடுகிறது என்பதால், உள்ளே இருக்கும் துவைக்கும் குறிப்பைப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். டி-ஷர்ட்டில் கை ஓரத்திலும் கீழ் மடிப்பிலும் ஒற்றைத் தையல் ஓடினால் 1990-களின் நடுப்பகுதிக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் இப்போது ஒற்றைத் தையலோடே போலி அடிக்கிறார்கள். படத்துக்குக் கீழே இருக்கும் பதிப்புரிமை வருடம் படத்தின் வயது, சட்டையின் வயது இல்லை.

படி 5: எந்தக் குறையை ஏற்கலாம்

இதில்தான் பலர் தலைகீழாக நடக்கிறார்கள். பட்டன் ஒன்று இல்லை என்று நல்ல கோட்டை விட்டுவிட்டு, பட்டு கிழிந்துகொண்டிருக்கும் கவுனை வாங்குவார்கள்.

தையல் பிரிந்திருப்பது, ஹூக் காணாமல் போனது, ஜிப் பழுது, லைனிங் கிழிசல், மடிப்பு அவிழ்ந்தது எல்லாம் தையல்காரரிடம் அரை நாள் வேலை. காஜா கிழிந்தாலும் சரிசெய்யலாம். நீளத்தைக் குறைக்கலாம். இடையைப் பிடிக்கலாம். உள்தையலில் துணி விட்டிருந்தால் ஒரு அங்குலம் வரை விரிக்கவும் செய்யலாம், ஆனால் பழைய மடிப்பின் கோடும் ஊசித்துளையும் வெளியே தெரியுமா என்று முன்கூட்டிப் பாருங்கள். தோள்பட்டையை மாற்றுவது மட்டும் உடையையே பிரித்துத் தைப்பதற்குச் சமம். தோள் பொருந்தாத கோட்டை வாங்காதீர்கள்.

பருத்தியிலும் லினனிலும் மொத்தமாக மஞ்சள் பூத்திருப்பது பெரும்பாலும் ஆக்ஸிஜன் பிளீச்சில் ஊறவைத்தால் போகும். பட்டிலும் கம்பளியிலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. ‘துவைத்தால் போய்விடும்’ என்று விற்பவர் சொல்லும் கறை துவைத்தால் போயிருந்தால் அவரே துவைத்திருப்பார்.

சரி, எதைக் கண்டால் ஓட வேண்டும்? மடிப்பு மடிப்பாகக் கத்தியால் கீறியதுபோல் பிளந்திருக்கும் பட்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1930-கள் வரை, பட்டுக்குக் கனமும் சரசரப்பும் வர வெள்ளீயம் போன்ற உலோக உப்புகளை ஏற்றினார்கள். அந்த உப்பே இழைகளைத் தின்றுவிட்டது. தைக்கத் தைக்கப் பக்கத்தில் கிழியும், மருந்து கிடையாது. அடுத்து, தோல் காய்ந்து காகிதம்போல் வெடிக்கும் ஃபர் கோட். பிசுபிசுக்கும் பிளாஸ்டிக் துணி. கருப்புத் துணியில் ஊதாவாகவோ பழுப்பாகவோ வெளுத்த தோள்பட்டை, அது ஜன்னல் வெயிலின் வேலை, சாயம் போட்டாலும் சமமாக ஏறாது.

படி 6: போட்டுக்கொண்டு நடமாடுங்கள்

கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்த்தால் எல்லாமே பொருந்தும். கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள், குனியுங்கள், உட்காருங்கள், முன்னால் கையைக் கோத்துக் கட்டிப்பிடிப்பதுபோல் செய்யுங்கள். முதுகுத் தையல் இழுத்தால் அந்தப் பழைய நூல் முதல் விழாவிலேயே விட்டுவிடும். ஜிப்பைப் போடும்போது ஒருபோதும் மூச்சைப் பிடித்து இழுக்காதீர்கள், கிழிந்தால் சங்கடம் உங்களுக்குத்தான்.

படி 7: பை, நகை, ஸ்கார்ஃப், செருப்பு

கைப்பையைத் திறந்து முதலில் உள்ளே முகருங்கள், பிறகு லைனிங்கை விரலால் தேயுங்கள். 1970-80-களின் சில பைகளில் உள்பூச்சு பிசின்போல் உருகியிருக்கும். கைப்பிடி இணையும் இடத்தில் தோல் வெடித்திருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். பித்தளையைக் காந்தம் இழுக்காது. பூட்டு ஒட்டிக்கொண்டால் அது முலாம் பூசிய இரும்பு.

பெரிய பிராண்ட் பை என்றால் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். லூயி விட்டோன் பைகளுக்குள் தேதிக் குறியீடு வந்ததே 1980-களின் தொடக்கத்தில்தான், 2021-ல் அதற்குப் பதிலாகச் சிப் வந்தது. அதற்கு முந்தைய பையில் குறியீடு இல்லாதது போலிக்கு அடையாளம் ஆகாது. குறியீடு இருப்பது அசலுக்கு அத்தாட்சியும் ஆகாது, போலிக்காரருக்கும் எண் அச்சடிக்கத் தெரியும். தையல் சீராக இருக்கிறதா, தோல் வயதாகியிருக்கிற விதம் இயல்பாக இருக்கிறதா என்பதைப் பாருங்கள். தொகை பெரிதென்றால், சோதித்துச் சொல்லும் நிபுணருக்குத் தனியாகப் பணம் கொடுப்பது நல்ல செலவு.

ஸ்கார்ஃபுக்கு ஓரம்தான் ஜாதகம். ஹெர்மெஸ் 1937-லிருந்து விற்கும் பட்டு ஸ்கார்ஃபின் வழக்கமான அளவு 90 சென்டிமீட்டர் சதுரம். ஓரத்தைக் கையால் உருட்டி, படம் தெரியும் பக்கமாகவே மடித்துத் தைத்திருப்பார்கள். உருட்டல் குண்டாக இருக்கும். தட்டையாக இயந்திரத்தில் அடித்த ஓரம் இருந்தால் வேறு யாரோ செய்தது.

ப்ரூச்சை, அதாவது உடையில் குத்தும் அலங்கார ஊசியை, வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். ஊசி வெறும் வளைந்த கொக்கியில் மாட்டி நிற்கிறதா, அல்லது உருண்டு பூட்டும் சின்னத் தாழ்ப்பாள் இருக்கிறதா? முதலாவது பொதுவாகப் பழையது. கற்களை உலோகக் கால்கள் பிடித்திருக்கின்றனவா, பசையால் ஒட்டியிருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடியில் தெரியும். கல்லுக்கு அடியில் கருப்பாகியிருந்தால் ஈரம் புகுந்து பின்பூச்சு போய்விட்டது, பளபளப்பு திரும்ப வராது. பச்சை நிறப் பொடி படிந்திருந்தால் உலோகம் அரிக்கத் தொடங்கிவிட்டது. பின்னால் கம்பெனிப் பெயரோடு வட்டத்துக்குள் ‘C’ போட்ட பதிப்புரிமைக் குறியும் இருந்தால், பெரும்பாலும் 1955-க்குப் பிந்தையது. ட்ரிஃபாரி என்ற அமெரிக்கக் கவரிங் நகைக் கம்பெனி அந்த வருடம் ஒரு வழக்கில் வென்று, நகை வடிவத்துக்கும் பதிப்புரிமை உண்டு என்று நிலைநாட்டிய பிறகு அந்தக் குறி பரவியது.

பேக்கலைட் என்ற பழைய கால பிளாஸ்டிக்கில் செய்த வளையல் என்று சொல்லி விற்கும் சாதாரண பிளாஸ்டிக் ஏராளம். லியோ பேக்லாண்ட் 1907-ல் உருவாக்கிய இந்தப் பொருளுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. கட்டைவிரலால் சூடேறும்வரை பரபரவென்று தேய்த்து உடனே முகருங்கள். மருத்துவமனை ரசாயன நெடி வந்தால் பேக்கலைட். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு என்ற இன்னொரு பழைய பிளாஸ்டிக். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. அது செல்லுலாய்டாக இருந்தால் குப்பென்று தீப்பிடிக்கும், அந்தச் சோதனையே வேண்டாம்.

முத்து மாலையில் இரண்டு முத்துகளை ஒன்றோடொன்று மெதுவாக உரசினால், நிஜ முத்து நெருநெருக்கும், கண்ணாடி முத்து வழுக்கும். வளர்ப்பு முத்தும் நெருநெருக்கும் என்பதால் இது பாதி விடைதான்.

பழைய கைக்கடிகாரங்களில், 1960-கள் வரை, இருட்டில் ஒளிர எண்களில் ரேடியம் பூசியிருப்பார்கள். இப்போது ஒளி செத்திருக்கும், ரேடியம் சாகவில்லை. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 1600 வருடம். அப்படிப்பட்டதை நீங்களே திறந்து துடைக்காதீர்கள்.

செருப்பில் ஒரே எச்சரிக்கை: பாலியூரித்தேன் அடிப்பாகம் போடாமல் பெட்டியிலேயே இருந்தாலும் காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள் சிதையும். பெட்டி பிரிக்காத பழைய ஷூவென்று குதூகலமாக வாங்கிப் போட்டு நடந்தால், பத்தடியில் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிரும். தோல் அடிப்பாகம் வைத்துத் தைத்தது நம்பகமானது, வேண்டியபோது மாற்றலாம்.

தந்தம், கடலாமை ஓடு, முதலைத் தோல், சில விலங்குகளின் ஃபர் இவற்றை எல்லை தாண்டி வரவழைக்கும் முன் சட்டத்தைப் பாருங்கள். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1975-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. பழசு என்பதற்காகச் சுங்கத்துறை விட்டுவிடாது, காகிதம் கேட்கும்.

படி 8: ஆன்லைனில் வாங்கும்போது

முகரவும் தொடவும் முடியாது என்பதால் அந்த வேலையைக் கேள்விகள் செய்ய வேண்டும். பகல் வெளிச்சத்தில் எடுத்த அக்குள் படம், எல்லா லேபிள்களின் படம், ஜிப்பின் நெருக்கப் படம், உள்தையலின் படம் இவற்றைக் கேளுங்கள். விரித்து அளந்த அளவுகளைக் கேளுங்கள், ‘மீடியம் சைஸுக்கு வரும்’ என்ற பதிலை ஏற்காதீர்கள். வாசனை உண்டா என்று நேரடியாகவே கேளுங்கள். எழுத்தில் வந்த பதில் பின்னால் பணத்தைத் திரும்பக் கேட்கும்போது உதவும். நல்ல விற்பனையாளர் இந்தக் கேள்விகளுக்குச் சலித்துக்கொள்ள மாட்டார். சலித்துக்கொள்பவரை விட்டுவிடுங்கள், அதே மாதிரி உடை இன்னொன்று வரும்.

தேடும்போது காலத்தை மட்டும் போட்டால் எல்லோரும் பார்க்கும் அதே விலையுயர்ந்த பட்டியல்தான் வரும். ‘உலோக ஜிப்’, ‘சங்க லேபிள்’, ‘கை மடிப்பு’ என்று உள்பக்கச் சொற்களைப் போட்டுத் தேடுங்கள். தன் கையில் இருப்பதன் வயதே தெரியாமல் படம் மட்டும் போட்டு விற்பவர்கள் நிறையப் பேர் உண்டு. எழுத்துப்பிழையோடு எழுதிய பிராண்ட் பெயரைத் தேடினாலும் சில சமயம் நல்ல சரக்கு மாட்டும்.

படி 9: விலை பேசுவது

குறையைக் கண்டுபிடித்தால் ஜெயித்ததுபோல் உரக்கச் சொல்லாதீர்கள். ‘இந்த ஜிப்பை மாற்ற வேண்டியிருக்கும், அதைக் கழித்து என்ன சொல்வீர்கள்?’ என்று அமைதியாகக் கேட்டால் பெரும்பாலும் இறங்குவார்கள். ஒன்றுக்குப் பேசுவதைவிட மூன்றைச் சேர்த்து வைத்துப் பேசுவது எளிது. துவைத்து, பழுதுபார்த்து, காலம் குறித்து வைத்திருக்கும் கடையில் விலை நியாயமாக இருந்தால் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம். அடுத்த முறை உங்கள் அளவில் ஏதாவது வந்தால் அவர்களே உங்களைக் கூப்பிடுவார்கள்.

பேசத் தொடங்கும் முன் உங்கள் மனதுக்குள் ஒரு கூட்டல் போட்டுக்கொள்ளுங்கள்: உடையின் விலை, டிரை கிளீனிங், தையல்காரர் கூலி. மூன்றும் சேர்ந்து வரும் தொகைக்கு அந்த உடையை வாங்குவீர்களா?

படி 10: வீட்டுக்கு வந்ததும்

மற்ற உடைகளோடு கலக்காதீர்கள். கம்பளி, பட்டு, ஃபர், இறகு எதுவாக இருந்தாலும் பூச்சி முட்டை இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் துணிமேல் ஈரம் பூக்கும். கம்பளியை அரிப்பது பறக்கும் அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. அழுக்கும் வியர்வையும் பட்ட இடம்தான் அதற்கு விருந்து, அதனால் எடுத்து வைக்கும் முன் சுத்தமாக்குங்கள்.

துவைக்கும் முன் உள்மடிப்பில் ஈரமான வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்தி, சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் தண்ணீரே வேண்டாம். 1930-40-களின் ரேயான் கிரேப் நனைந்தால் குழந்தை உடை அளவுக்குச் சுருங்கிவிடக் கூடும், அதை டிரை கிளீனிங்குக்கே கொடுங்கள், பழைய துணியில் பழக்கம் உள்ளவரா என்று கேட்டுவிட்டு. பருத்தியைக் குளிர்ந்த நீரில், மிதமான சோப்பில், கையால் அலசலாம். பிழிய வேண்டாம், துண்டில் சுருட்டி அழுத்துங்கள். நனைத்துத் துவைக்க முடியாத கோட்டில் வாசனை இருந்தால், நாடக உடை பராமரிப்பவர்களின் பழைய வழி ஒன்று உண்டு: மணமில்லாத வோட்காவை உள்பக்கமாக லேசாகத் தெளித்துக் காற்றில் உலரவிடுவது. பட்டிலும் அசிடேட்டிலும் முதலில் மறைவான இடத்தில் சோதியுங்கள்.

பின்னல் உடையையும், மணியோ ஜிகினாவோ தைத்த கனமான கவுனையும் தொங்கவிடாதீர்கள், சொந்த எடையிலேயே நீண்டு கிழியும். மடித்து வையுங்கள், மடிப்புக்குள் அமிலமில்லாத மெல்லிய காகிதத்தைச் சுருட்டி வைத்தால் கோடு விழாது. மற்றதைத் துணி சுற்றிய அகன்ற ஹேங்கரில், பருத்தி உறைக்குள் மாட்டலாம். டிரை கிளீனிங் கடை தரும் பிளாஸ்டிக் உறையை அன்றே கழற்றிவிடுங்கள். செல்லுலாய்டு சீப்பு, ப்ரூச் இருந்தால் தனிப் பெட்டியில், காற்றாட வையுங்கள். சிதையத் தொடங்கிய செல்லுலாய்டிலிருந்து வரும் ஆவி பக்கத்தில் இருக்கும் உலோகத்தையும் துணியையும் அரித்துவிடும்.